சவுக்குத் தோப்பில் வெட்டிய வழி

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கடல்காற்று ஏறும். அது ஏறியதும் சம்பத்தின் போன் அடிக்கும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர், அங்கே லிங்க் விழுந்துவிட்டது, உடனே போ என்பார்கள். பிசைந்த சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு அவன் வண்டியை உதைப்பான். போய்ச் சேரும்போது காற்று அடங்கி, லிங்க் நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு வருடமாக இதே பிழைப்பு.

விஷயம் இதுதான். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வரை சம்பத் வேலை பார்த்த செல்போன் கம்பெனி மண்ணுக்கடியில் கேபிள் புதைத்திருந்தது. அதற்கு மேல் தோண்ட மனம் வரவில்லை. திருக்கழுக்குன்றம் டவரில் ஒரு வட்டத் தட்டு, கடலோர ஊரில் ஒரு மாடிக் கம்பத்தில் இன்னொரு வட்டத் தட்டு என்று மாட்டி, இரண்டையும் ஒன்றையொன்று பார்க்க வைத்துவிட்டார்கள். இதற்கு மைக்ரோவேவ் லிங்க் என்று பெயர். நடுவில் எதுவும் மறைக்காதவரை ஊருக்குப் போன் உண்டு. மறைத்தால் டவர் இருந்தும் இல்லாத கணக்குதான், போனில் சிக்னல் கோடு ஒன்றுகூடத் தெரியாது.

சம்பத் ரேடியோவை மாற்றினான், கேபிளை மாற்றினான், தட்டைத் திருகித் திருகிப் பார்த்தான். கடைசியில் ஒருநாள் டவர் ஏறும் சுப்பிரமணியைத் திருக்கழுக்குன்றத்தில் ஏற்றி, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அடிக்கச் சொன்னான். இவன் இந்தப் பக்கம் மாடியில் நின்றான். காலையில் கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது. கடல்காற்று ஏறியதும் கண் சிமிட்டியது, பிறகு காணாமலே போனது. குறுக்கே ஆடிக்கொண்டிருந்தது ஒரு சவுக்குத் தோப்பு.

அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மெட்ராசிலிருந்து சர்வேக்கு வந்த புண்ணியவான்கள் காரை விட்டு இறங்காமல் ‘வெட்டவெளி’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைக்கு அங்கே முழங்கால் உயரத்தில் கன்றுகள் நின்றிருக்கும். சவுக்கு என்றால் வளரும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாத ரகசியம் போலிருக்கிறது.

தோப்பு ஜெகதாம்பாளுடையது. கம்பத்தைத் தாங்கிய மாடிக்குப் பக்கத்து வீட்டுக்காரி. அந்த ஊரிலிருந்து போகும் புகார்களில் பாதி அந்த அம்மாளுடையவை. மகன் உலகநாதன் ஷார்ஜாவில் வெல்டர். சம்பளம் வந்ததும் மாதம் ஒருமுறை, சரியாகச் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிடுவான். பாதிப் பேச்சில் அறுந்துபோகும். அவள் உடனே பக்கத்து ஊருக்கு நடந்து, அங்கிருந்து கம்பெனியைக் கூப்பிட்டுக் கிழிப்பாள்.

“உங்க பையன் பேச்சை அறுக்கறதே உங்க மரம்தாம்மா” என்றான் சம்பத்.

“இன்னாப்பா கதை வுடற? மரம் எங்கியாச்சும் போன கட் பண்ணுமா?”

கண்ணாடி வித்தையை அவளுக்கும் காட்டினான். அவள் தோப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

“அத்த வெட்ட முடியாது. உலகு நட்டுட்டுப் போன மரம். நானே வந்து வெட்றேன்னு சொல்லிட்டுப் போய்க்கீறான். எத்தினி வியாபாரிய திருப்பி அனுப்ச்சிக்கினு கீறேன் தெரியுமா?”

சம்பத் வற்புறுத்தவில்லை. அவனுக்கு அலுத்துவிட்டது. கூடுவாஞ்சேரியில் மனைவி சங்கரி இருந்தாள், பள்ளிக்கூடம் போகும் மகள் இருந்தாள். எப்போதாவது வீடு போனால் மகள் முதலில் கேட்பது, “இன்னிக்குத் தங்குவியாப்பா?” விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்பாள். கூடுவாஞ்சேரி ஆபீசில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மேலதிகாரி ராமானுஜம் போனில் சொல்லியிருந்தார்: “அந்த லிங்க்ல ஒரு மாசம் ஒரு புகார் வராம காட்டு, சம்பத். சீட் உனக்கு. வந்துச்சுன்னா வேற ஆள்.”

மறுவாரம் ஜெகதாம்பாளே கூப்பிட்டாள். “எந்தெந்த மரம்னு வந்து காட்டு. மாட்டு வண்டி போற அளவுக்குத்தான் வழி வுடுவேன். அவன் கொரலு கேக்கோணும், அவ்ளோதான்.”

மரங்கள் விழும்போது அவள் வெளியே வரவில்லை.

அதன்பிறகு காற்று ஏறியது, லிங்க் அசையவில்லை. சம்பத் பல மாதங்களுக்குப் பிறகு சூடான சோறு சாப்பிட்டான். ராமானுஜம் சொன்ன ஒரு மாதக் கெடு முடிய ஒருநாள் இருக்கும்போது, கடைசியாக ஒருமுறை அளவெடுக்க வந்தான். ஜெகதாம்பாள் விடவில்லை. “இன்னிக்கு உலகு பேசுவான். நீ இங்கியே குந்து. கட்டாச்சுன்னா உன்னியே கேக்கறேன்.”

போன் வந்தது. ஸ்பீக்கரைப் போட்டாள்.

“இப்ப நல்லா கேக்குதாடா?”

“சூப்பரா கேக்குதும்மா. பக்கத்துல நின்னு பேசற மாதிரி கீது.”

“தோப்புல வழி வெட்டிட்டேன்டா. உன் பேச்சு கேக்கோணும்னுதான். மீதிய நீ வந்து வெட்டு. எப்ப வர்ற?”

அவன் மூச்சு விடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. யாரோ தட்டு கழுவுகிற சத்தம்கூடக் கேட்டது.

“அலோ... அலோ... அம்மா, ஒண்ணும் கேக்கலையே. லைன் சரியில்லம்மா” என்றான் உலகநாதன். பேச்சு அறுந்தது.

ஜெகதாம்பாள் போனைச் சம்பத்தின் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இன்னாப்பா, மறுபடியும் பூடுச்சா?”

சிக்னல் கோடுகள் முழுதாக நின்றன. மடியிலிருந்த லேப்டாப்பில் லிங்கின் அளவு ஒரு துளிகூட இறங்கவில்லை. இரண்டு வருடத்தில் எத்தனை முறை காற்று அறுத்தது, எத்தனை முறை உலகநாதனே அறுத்தான் என்று சம்பத் கணக்குப் போட்டுப் பார்த்தான். அந்த அம்மாள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாம்மா. லைன்தான் போயிடுச்சு. எங்க பக்கம் கோளாறு.”

“மரத்த வெட்டியும் இப்பிடியா? இரு, உன் ஆபீசுக்கே போட்றேன்.”

ஒரு புகார் போனால் சம்பத்தின் சீட்டும் போச்சு. வேண்டாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

புகார் எண்ணை அவள் மனப்பாடமாக அழுத்தினாள். அதே போன், அதே டவர், அதே லிங்க். முதல் மணியிலேயே எடுத்தார்கள். “வணக்கம், சொல்லுங்க மேடம்” என்று ஒரு பெண்குரல் அந்தக் கூடம் முழுக்கக் கணீரென்று கேட்டது.

ஜெகதாம்பாளின் கை நின்றது. போனைப் பார்த்தாள். சம்பத்தைப் பார்த்தாள். ஜன்னல் வழியே தோப்பின் நடுவில் வெறுமையாகக் கிடந்த வழியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று சம்பத்துக்கும் புரிந்தது.

“மேடம், லைன்ல இருக்கீங்களா?”

“கீறேன்” என்றாள். “என் புள்ளகிட்ட பேசிக்கினு இருந்தேன். பாதியில கட்டாயிடுச்சு. லைனு சரியில்லம்மா. எழுதிக்கோ.”

புகார் பதிவானது. சம்பத் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தான். சங்கரிக்கு இன்றிரவு என்ன சொல்வது என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

“அடுத்த மாசம் உங்க பையன் கூப்பிடறதுக்குள்ள சரி பண்ணிடறேன்மா” என்றான்.

“பண்ணுப்பா” என்றாள் ஜெகதாம்பாள், தோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.