பதினோராவது வட்டத்தில் நீண்டுபோன வீடு

1961ஆம் ஆண்டு மார்கழி மாதம், நெய்வேலி நகரியத்தின் பதினோராவது வட்டத்தில், சுரங்கத் தொழிலாளி கொளஞ்சியப்பனுக்கு ஒதுக்கப்பட்ட வீடு உள்ளுக்குள் ஒரு பர்லாங்கு நீளம் இருந்தது. வெளியே இருந்து அளந்தால் இருபத்தோரு அடிதான். அந்த வரிசையில் எல்லா வீடுகளும் அதே அளவு: ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்புறம் குளியலறை. கொளஞ்சியப்பன் வீட்டில் மட்டும் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த சிமெண்டுத் தரை வளர்ந்துகொண்டே போயிற்று. அந்த மாதம் நகரியத்தில் அதிகம் பேசப்பட்ட மற்ற விஷயங்கள் மண்ணெண்ணெய் கிடைக்காததும், கம்பெனி பஸ் நேரம் மாறியதும்.

கொளஞ்சியப்பனின் ஊரைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொள்வதற்கு முன்பு அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. தகப்பனார், குழந்தைகள் எல்லாம் சேர்ந்து பதினோரு பேர். கொளஞ்சியப்பனுக்கும் வீராயிக்கும் கல்யாணமாகி எட்டு வருடம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. மாமனார் இருக்கும் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வது மரியாதை ஆகாது என்பதால், இருவருக்கும் இடையிலான பேச்சு முழுவதும் அண்ணன் மனைவி தனகோட்டி வழியாகவே நடந்தது. வீராயி கைக்கெட்டும் தூரத்தில் முறத்தோடு உட்கார்ந்திருப்பாள். கொளஞ்சியப்பன் வந்து நின்று, “அண்ணி, தண்ணி வேணும்னு சொல்லுங்க” என்பார். “என்னை என்னா தந்தி ஆபீசுன்னு நெனச்சிகினீங்களா? இதோ குந்திகினு இருக்கா, எடையில நான் எதுக்கு?” என்று தனகோட்டி சலித்துக்கொள்வாள். சலித்துக்கொண்டே திரும்பி, “ஏண்டி, ஒம் புருசனுக்குத் தொண்ட காயுதாம்” என்று செய்தியைச் சேர்ப்பித்துவிடுவாள். உப்பு அதிகம் என்பதும், காய்ச்சல் விட்டது என்பதும், ஒருமுறை புடவை நன்றாக இருக்கிறது என்பதும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. இரவில் சுற்றிலும் ஆட்கள் படுத்திருப்பார்கள். அப்போது யாரும் பேசுவதில்லை.

ஊர் காலியானபோது அண்ணன் ராயப்பன் குறிஞ்சிப்பாடிப் பக்கம் குத்தகைக்கு நிலம் பிடித்து, தகப்பனாரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். தம்பி சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து, பர்மனென்ட் ஆகி, ஐப்பசியில் குவார்ட்டர்ஸ் வாங்கினார். லாரியில் சாமான் வந்து இறங்கிய முதல் நாள் மாலை, கொளஞ்சியப்பன் கூடத்தில் உட்கார்ந்து தண்ணீருக்காகக் காத்திருந்தார். கேட்பதற்கு ஆள் இல்லை. வீராயி சொம்பில் தண்ணீரை மொண்டு வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். கேட்டதாக வந்து சொல்ல ஆள் இல்லை. பிள்ளை பெறாதவளோடு தனியாக மாட்டிக்கொண்டதில் அவருக்குக் கோபம் என்று அவள் நினைத்தாள். கூட்டமான வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்ததில் அவளுக்குக் கோபம் என்று அவர் நினைத்தார். மறுநாள் காலையில் தரை ஒரு சாண் நீண்டிருந்தது. புது வீடு பழக வேண்டும் என்று இருவரும் தனித்தனியாக முடிவு செய்துகொண்டார்கள்.

மார்கழியில் சமையலறையில் இறக்கிய ரசம் கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் ஆறிப்போனது. ‘ஏங்க’ என்று கூப்பிட்டால் பாதித் தூரம்கூடப் போகவில்லை. புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அவள் பிறந்த வீட்டிலும் இல்லை. இரண்டு முனைகளிலும்தான் ஜன்னலும் பல்பும் இருந்தன. நடுவில் பகலிலும் இருட்டு. கொளஞ்சியப்பன் ஷிப்டு முடிந்து வந்தால் வாசலில் இறங்காமல் சைக்கிளிலேயே உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு, அதிலேயே திரும்பி வந்து கூடத்தில் படுத்துக்கொண்டார். வெள்ளையடிக்க வந்தவர்கள் ஒரு வாரம் தங்கி வேலை செய்தார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு, பராமரிப்பு மேஸ்திரி சோமசுந்தரம் டேப்போடு வந்து வெளிச்சுவரை அளந்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். “வெளியில அளவு கரெக்டா இருக்கு. உள்ள நீளமா இருக்கறது உங்க குடும்ப விஷயம்மா” என்றார் வீராயியிடம். “இடம் பத்தலன்னுதான் எல்லாரும் எங்கிட்ட வருவாங்க.”

தை மாதம் பக்கத்து வீட்டுக்கு வெல்டர் அப்துல் கபார் குடிவந்தார். அவர் மனைவி பதுருன்னிசா உறை மோர் கேட்டு வந்தவள், வீராயியைப் பார்ப்பதற்கே வெகு தூரம் நடக்க வேண்டியிருந்ததால், நடுவில் ஓரிடத்தில் கால் வலித்து உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்ததும் கூடமும் சமையலறையும் அவளை நோக்கி நகர்ந்து வந்து, வீடு வரைபடத்தில் உள்ளபடி ஆயிற்று. கொளஞ்சியப்பன் உடனே, “தங்கச்சி, கொழம்பு நல்லா இருந்துதுன்னு சொல்லு” என்றார். மூன்று மாதத்துக் குழம்பு அது. “அது சரி” என்று பதுருன்னிசா சிரித்துவிட்டாள். “எங்கூட்டுல நாங்க போடுற சண்டை மூணு தெருவுக்குக் கேக்குது. நீங்க ஒரு சண்டையாவது போடுங்களேண்ணே, காசா பணமா?” அதன்பிறகு அவள் நாள்தோறும் வந்தாள். அவள் இருக்கும்வரை வீடு சின்னதாக இருந்தது. எழுந்து போனதும் ரயில் கிளம்புவதுபோல் மெதுவாக நீண்டது. ஒன்றரை வருடம் இப்படிப் போயிற்று. வந்தவளுக்கும் சேர்த்து வீராயி காப்பி போடப் பழகினாள். சில நாள் அவள் சிரிக்கும் சத்தம் வெளியே கேட்டது.

1963 ஆடியில் அப்துல் கபாருக்கு வேறு வட்டத்தில் பெரிய வீடு கிடைத்தது. போகும்போது பதுருன்னிசா, “நான் இல்லாட்டி என்னா, ரெண்டு பேருக்கும் வாயி இருக்குல்ல” என்று சொல்லிவிட்டு ஏறினாள். அவள் வீட்டு லாரி தெருமுனை திரும்புவதற்குள் கொளஞ்சியப்பன் வீட்டுத் தரை ஓடத் தொடங்கியிருந்தது. இம்முறை முன்பைவிட வேகம். சமையலறையில் வெயில் அடிக்கும்போது கூடத்தில் மழை பெய்த நாட்கள் உண்டு. சைக்கிளில் போனாலும் ஷிப்டுக்கு நேரமாகிவிடும் என்று கொளஞ்சியப்பன் கேண்டீனில் சாப்பிடத் தொடங்கினார். வீராயி தனக்கு மட்டும் அரை ஆழாக்கு அரிசி போட்டு வடித்தாள். சில வாரங்கள் அவள் மனித முகத்தையே பார்க்கவில்லை. பின்பக்கம் வாசல் இல்லாததால், குளியலறைச் சுவருக்கு அப்பால் தோட்டியாக வரும் பெண்ணிடம் குரல் கொடுத்து, கம்மாபுரத்தில் இருக்கும் தன் அண்ணன் பழனிசாமிக்குச் சொல்லியனுப்பினாள்: வண்டி கட்டிக்கொண்டு வா, நான் வந்துவிடுகிறேன். போனால் திரும்புவதாக எண்ணமில்லை. அவளுடைய எண்ணம் அவருக்குத் தெரியாது. தெரிவிக்க ஆள் இல்லை.

ஆவணியில் ஒரு நாள் பழனிசாமி மாட்டுவண்டியோடு வந்து முன்வாசலில் காத்திருந்தார். வீராயி துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, வழியில் சாப்பிடக் கட்டுச்சோறும் எடுத்துக்கொண்டு, சமையலறையிலிருந்து காலையிலேயே நடக்கத் தொடங்கியிருந்தாள். முதல் ஷிப்டு முடிந்து வந்த கொளஞ்சியப்பன் வாசலில் மைத்துனரையும் வண்டியையும் பார்த்தார். சைக்கிளை உள்ளே விட்டார். ஜன்னல் வெளிச்சம் இரண்டு பக்கமும் புள்ளியாகத் தெரியும் நடு இடத்தில், சைக்கிள் விளக்கின் வெளிச்சத்தில், இருவரும் எதிரெதிரே நின்றார்கள். பழக்க தோஷத்தில் இருவர் தலையும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் திரும்பின. அங்கே யாரும் இல்லை.

“மூட்டையோட எங்க கெளம்பிட்டாளாம்னு கேளுங்க” என்றார் அவர், அந்த இடத்தைப் பார்த்து.

வீராயியும் அங்கேயே பார்த்துக்கொண்டு சொன்னாள்: “எங்கம்மா வூட்டுக்குன்னு சொல்லுங்க.”

“எத்தினி நாளைக்காம்?”

“அத அவுருதான் சொல்லணும்னு சொல்லுங்க.”

கொளஞ்சியப்பன் ஹாண்டில்பாரைத் துடைத்தார். “இந்தாம் பெரிய வூட்ல நான் ஒண்டியா என்னா பண்ணுவேன்னு கேளுங்க.”

“நான் மட்டும் யாரோட இருந்தனாம்? எம்மேல கோவம்னுதான ஒரு மாசமா இந்தப் பக்கமே வரல?”

“கோவமெல்லாம் இல்லன்னு சொல்லுங்க. அவளுக்குத்தான் கோவம்னு நெனச்சிகினு இருந்தேன்.”

வீராயி மூட்டையைத் தலையிலிருந்து இறக்கினாள். கட்டுச்சோற்றை அவிழ்த்தாள். பிறகு, “சாப்ட்டாச்சான்னு கேளுங்க” என்றாள்.

“இன்னும் இல்ல” என்றார் அவர்.

கட்டுச்சோறு புளிச்சோறு. இருவரும் தரையில் உட்கார்ந்து, ஒருவர் பக்கம் மற்றவர் திரும்பாமல் சாப்பிட்டார்கள். வாசலில் பழனிசாமி பொழுது சாயும்வரை இருந்து பார்த்தார். உள்ளே குரல் கொடுத்தார், அது பாதித் தூரம்கூடப் போகவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வெறும் வண்டியோடு ஊர் திரும்பினார்.

மறுநாள் கட்டிலையும் அடுப்பையும் அந்த நடு இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். எலக்ட்ரீஷியன் ஒருவர் வயர் இழுத்து அங்கே ஒரு பல்பு போட்டுக் கொடுத்தார். அதன்பிறகும் அவர்கள் நேருக்கு நேர் பேசி யாரும் பார்த்ததில்லை. பக்கத்தில் இருக்கும் அந்த வெற்றிடத்திடம் இருவரும் சொல்வார்கள். செய்தி போய்ச் சேர்ந்துவிடும். வீடு அதற்கு மேல் நீளவில்லை, குறையவும் இல்லை. 1969இல் சீனியாரிட்டிப்படி கொளஞ்சியப்பனுக்கு வேறு வட்டத்தில் இரண்டு அறை வீடு வந்தது. இருக்கிற இடமே போதும் என்று காரணம் சொல்லி, அவர் அதை வேண்டாம் என்றுவிட்டார்.