முட்டை அறையின் குளிர்

கோழிகள் மாமனாரின் பொறுப்பு, முட்டைகள் என் பொறுப்பு. என் வேலையில் யாராவது கை வைத்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

தெருநாய்கள் கொட்டகைக்குள் புகுந்து ஒரு கோழியைக்கூட மிச்சம் வைக்கவில்லை. மாமனார் இளவயதிலிருந்து கலப்பில்லாமல் வளர்த்த ஜாதி அது. இனி அது இருப்பது பொரிக்க வைப்பதற்காக நான் எடுத்துவைத்திருந்த முட்டைகளில் மட்டும்தான். நேரம் பார்த்து முட்டை பொரிக்கும் இன்குபேட்டரும் பழுதாகிவிட்டது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? மெக்கானிக் உதிரிபாகத்துக்குச் சொல்லிவிட்டு, "ஒரு வாரம் பொறுத்துக்கோங்க" என்றார்.

அதுவரை முட்டைகளை ஏசி அறையில் வைத்தேன். கூரான முனை கீழே, தட்டுகளைக் காலையும் மாலையும் சாய்த்துவிட வேண்டும். குளுமையில் கரு உறங்கிக் கிடக்கும். சூடு பட்டால் விழித்துக்கொள்ளும். விழித்ததை மறுபடி குளிரில் போட்டால் பிழைக்காது.

ஒரு மாலை, முட்டைகளெல்லாம் வியர்த்திருந்தன. வெளிக்காற்று உள்ளே வந்தால்தான் அப்படி ஆகும். ஆனால் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, முட்டை ரூமைத் தொறந்தீங்களா?"

"நானா? அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்!" என்றார் கணவர்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனார் நிமிரவே இல்லை.

மறுநாள் அறைக்குள் தைல வாசனை அடித்தது. அதற்கு அடுத்த நாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் திறந்தேன். ஏசி நின்றிருந்தது, அறை புழுங்கியது. மாமனார் வெறுந்தரையில் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய கம்பளி முட்டைத் தட்டுகளின் மேல் விரித்திருந்தது.

"என்ன மாமா பண்ணிட்டீங்க!"

பதறி எழுந்தார். "கோழிச் சத்தம் இல்லாம தூக்கமே வரலம்மா. அதான் இதுங்ககிட்ட வந்து படுத்தேன். எனக்கே நடுங்குது, தாயில்லாததுங்களுக்கு எப்படி இருக்கும்? மத்தியானம் மட்டும்தான் ஏசிய நிறுத்துவேன். போறப்ப திரும்பப் போட்டுடுவேன்."

வேறு யாராக இருந்தாலும் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

இன்குபேட்டர் சரியாகி முட்டைகளை உள்ளே வைத்ததிலிருந்து அவர் அதன் பக்கத்தை விட்டு நகரவில்லை. சோறும் அங்கேதான்.

ஒரு வாரம் கழித்து ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு முட்டையாக டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். டார்ச்சை அவர் பிடித்துக்கொண்டார். உயிருள்ள முட்டையில் நரம்புகள் சிலந்திக் கால்கள் போலப் பரவியிருக்கும். முதல் முட்டையில் நரம்பே இல்லை. வெறும் சிவப்பு வளையம். கரு செத்து, ரத்தம் ஓரத்தில் ஒதுங்கிய வளையம். இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவதை எடுத்து டார்ச்சுக்கு நேரே பிடித்தேன்.

மாமனார் இன்குபேட்டர் வைத்துப் பழகியவரல்ல, அடைக்கோழியை நம்பியே காலம் தள்ளியவர். குனிந்து குனிந்து பார்த்தார்.

"செவப்பா வட்டமா தெரியுதே, அதுதான் குஞ்சாம்மா?"

நான் அடுத்ததை எடுத்தேன். அதற்கடுத்ததையும் எடுத்தேன். கடைசித் தட்டும் முடிந்தது.

"எல்லாத்துலயும் இருக்கு பாத்தியா!" என்றார். அந்த நாய்கள் வந்துபோன பிறகு அன்றுதான் அவர் சிரித்தார். "ஒண்ணுகூட வீணாப்போகல. நான் போத்திவிட்டது நல்லதாப் போச்சு."