கூப்பிடப்படாத சாட்சி

ஐம்பத்தோரு வயதில் அர்கீரிஸ் மறுபடி பள்ளிக்கூடம் போனது படிப்பின் மேல் வந்த ஆசையால் அல்ல. துறைமுகத்தை ஒட்டிய நீதிமன்றத்தில் அவர் டவாலி. இருபத்திரண்டு வருடமாக வாசலில் நின்று, சாட்சிகளின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவதுதான் வேலை. பள்ளியிறுதிச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு இனிப் பதவி உயர்வு கிடையாது என்று புது விதி வந்தது. வேறு வழியில்லாமல் மாலைப் பள்ளியில் போய் உட்கார்ந்தார்.

கணக்கு எப்படியோ வந்துவிட்டது. வரலாறும் வந்தது. இலக்கியம்தான் தகராறு செய்தது. மிர்த்தோ டீச்சருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கட்டுரை திருத்தும்போது மட்டும் கண்ணில் ஈரமே இருக்காது. அந்த மாதம் பழைய துன்பியல் நாடகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கரும்பலகையில் எழுதிப் போட்டாள்: 'இந்நாடகத்தில் உண்மை ஏன் காலம் கடந்து வெளிப்படுகிறது? ஆராய்க.'

கதை எளிமையானதுதான். முற்றுகையிடப்பட்ட ஒரு நகரம். இரவில் கோட்டைக் கதவை யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தவனை மலையுச்சியிலிருந்து தள்ளுவேன் என்று அரசன் சபதம் செய்கிறான். வெளியே தவித்த இடையர் குடும்பங்களை உள்ளே விடுவதற்காகக் கதவைத் திறந்தவன் அரசனுடைய மகனே. அரசனோ மைத்துனனைச் சந்தேகித்து அவனைத் தள்ளிவிடுகிறான். அது தாங்காமல் மகன் உண்மையைச் சொல்லிவிட்டுத் தானும் அதே உச்சியிலிருந்து குதிக்கிறான்.

"அரசனோட ஆணவம்தான் காரணம்னு எழுது, பாஸ் ஆயிடுவே" என்றாள் பக்கத்து பெஞ்சு எவாந்தியா. ரொட்டிக்கடையில் வேலை பார்ப்பவள். எந்நேரமும் தலைமுடியில் கொஞ்சம் மாவு இருக்கும். "நோட்ஸ் புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. ரெண்டு பக்கம், முடிஞ்சுது கதை."

அர்கீரிஸும் அப்படித்தான் நினைத்திருந்தார். மறுநாள் நீதிமன்றத்தில் மூன்று வழக்குகள் தள்ளிப்போயின. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து காபியை வைத்துக்கொண்டு நாடகத்தைத் திரும்பப் படித்தார். நாலாவது பக்கத்தில் ஒரு வரி அவரை நிறுத்தியது. கோட்டைக் கதவருகே ஒரு காவலாளி நிற்கிறான். கதவு திறக்கிற அந்த இரவில், முதல் காட்சியிலேயே வந்துவிடுகிறான். பக்கங்களைப் புரட்டினார். அவன் எப்போது வெளியே போகிறான்? போகவே இல்லை. கடைசி வரை அங்கேதான் நிற்கிறான்.

அப்படியென்றால் கதவு திறந்ததை இவன் பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

வேறு யாருக்காவது இது வேடிக்கையாகத் தோன்றியிருக்கும். அர்கீரிஸுக்கு அப்படித் தோன்றவில்லை. சம்பவ இடத்திலேயே இருந்த சாட்சி. அவன் பெயரை யாரும் கூப்பிடவில்லை. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, அரசன் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பக்கத்தில் கோடு போட்டார். மொத்தம் பதினேழு. வானத்தைப் பார்த்துக் கேட்டவை ஆறு, முதியோர் குழுவிடம் எட்டு, மைத்துனனிடம் மூன்று. காவலாளியிடம் ஒன்றுகூட இல்லை. அவனிடம் அரசன் பேசுவது ஒரே ஒரு வாக்கியம்: 'கதவைச் சாத்து.'

அன்று மாலை வகுப்பில் கையைத் தூக்கினார்.

"டீச்சர், நோட்ஸ்ல இருக்கறது தப்புன்னு சொல்ல வரலை. ஆனா உண்மை எங்கேயும் ஒளிஞ்சிருக்கலை. மேடையிலேயே நின்னுக்கிட்டு இருக்கு. யாரும் கேக்கலை."

மிர்த்தோ புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். "அவன் போயிட்டான்னு நான் இத்தனை நாள் நெனச்சுட்டிருந்தேன்" என்றாள் மெதுவாக. பிறகு, "ஒரு தடவை நின்னு படிச்சுப் பார்த்துடலாமா?" என்று கேட்டாள்.

மேசைகளைச் சுவரோரம் தள்ளினார்கள். காவலாளியாக எவாந்தியாவைக் கதவருகே நிறுத்தினார்கள்.

"எனக்கு வசனமே இல்லையா? நல்ல வேஷம் புடிச்சுக் கொடுத்தீங்க, கோர்ட்டாரே" என்று அலுத்துக்கொண்டு போய் நின்றாள்.

படிக்க ஆரம்பித்தபோது அவள் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரத்தில் அது நின்றுவிட்டது. அரசன் 'யாருமே பார்க்கவில்லையா?' என்று முதியோரைக் கேட்கிற இடத்தில் அவள் வாய் திறந்து மூடியதை அர்கீரிஸ் பார்த்தார். முடிந்ததும் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எழவே, அவன் கேக்கற ஒவ்வொரு தடவையும் சொல்லிடலாம்னு தோணுது. ஆனா மூச்சு விடறதுக்குள்ள அடுத்த ஆள் பேசிடறான். நடுவுல நுழையவே முடியலை."

"இதை எழுதுங்க, அர்கீரிஸ்" என்றாள் மிர்த்தோ. அவர் முகம் மலர்ந்தது. அவள் அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை. "ஆனா ஒண்ணு யோசிங்க. அவனை யாரும் கேக்கலை, சரி. அவன் வாயை யாரும் கட்டலையே. மைத்துனனை இழுத்துட்டுப் போறது அவன் கண்ணு முன்னாடிதானே?"

அர்கீரிஸ் புத்தகத்தை மூடிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. வேறொன்றையும் இழுத்துக்கொண்டு வந்தது.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய வழக்கு. நாற்பது ஒலிவ மரங்களுக்காக அண்ணன் தம்பி சண்டை. தம்பி சரான்திஸின் ஒரே சாட்சி பந்தேலிஸ் என்ற கிழவர். காலையிலேயே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். வழக்கு எடுப்பதற்குச் சற்று முன் அண்ணன்காரன் அவர் தோளில் கைபோட்டு, "இன்னிக்குத் தள்ளி வச்சுட்டாங்க பெரியப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று படியில் இறக்கிக் கூட்டிப்போனதை அர்கீரிஸ் கண்ணால் பார்த்தார், காதால் கேட்டார். பிறகு வாசலில் நின்று பந்தேலிஸின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். "சாட்சி வரலையா?" என்றார் நீதிபதி. "இல்லை ஐயா" என்றார் அர்கீரிஸ். அந்த நிமிடத்தில் கிழவர் அங்கே இல்லைதான். எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. சரான்திஸ் தோற்றான்.

கட்டுரை பாதியில் நின்றது. காவலாளியைப் பற்றி எழுதுவதெல்லாம் தனக்காக வாதாடுவதுபோல் இருந்தது. சனிக்கிழமை காலை, படகு இன்ஜின் பழுதுபார்க்கும் சரான்திஸின் கொட்டகைக்குப் போனார்.

சரான்திஸ் கையெல்லாம் கிரீஸோடு நிமிர்ந்து பார்த்தான். அர்கீரிஸ் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"கிழவர் வந்துட்டுப் போனது எனக்குத் தெரியும்" என்றான் சரான்திஸ். "அடுத்த வாரமே வந்து அழுதாரு. அப்பீலுக்குப் போனேன். அதுக்குள்ள கிழவர் படுத்த படுக்கை ஆயிட்டாரு. அவர் வந்ததை யாராவது பார்த்தாங்களான்னு கேட்டாங்க. யாரும் பார்க்கலைன்னு நானே சொன்னேன்."

ஸ்பானரைக் கந்தலில் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"நீங்க பார்த்தீங்கன்னு தெரிஞ்சிருந்தா உங்க பேரைக் கொடுத்திருப்பேன்."

அர்கீரிஸ் ஒரு அடி முன்னால் வந்தார். "இப்ப சொன்னா ஏதாவது ஆகுமா? எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"என்ன ஆகும்? அண்ணன் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அவன் பசங்க மரத்தை வெட்டிட்டு வீடு கட்டிட்டாங்க. எனக்கும் ஆறிப்போச்சு. ஆறலைன்னாலும் ஆறிப்போச்சுன்னுதான் சொல்லணும்." ஸ்பானரைக் கீழே வைத்தான். "அது சரி, ஒன்பது வருஷம் கழிச்சு இன்னிக்கு என்ன திடீர்னு?"

"ஸ்கூல்ல ஒரு கட்டுரை."

சரான்திஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாத முகம். கடைசியில் ஒரு மரப்பெட்டியைக் காலால் அவர் பக்கம் தள்ளினான். "உக்காருங்க. அது என்ன கதைன்னு சொல்லுங்க."

அர்கீரிஸ் சொன்னார். அரசன், மகன், மைத்துனன், மலையுச்சி. சரான்திஸ் வேலையை விட்டுவிட்டுக் கேட்டான்.

"அந்தக் காவல்காரன் கடைசில என்ன ஆகறான்?"

அர்கீரிஸ் கடைசிக் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்தார். இத்தனை தடவை படித்தும் அதை யோசிக்கவே இல்லை. "தெரியலை. நாடகம் அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

"மத்தவங்களுக்கெல்லாம் முடிவு இருக்கு, இவனுக்கு மட்டும் இல்லையா?" சரான்திஸ் ஸ்பானரை எடுத்துக்கொண்டு இன்ஜின் பக்கம் திரும்பினான். "அப்ப அவன் வீட்டுக்குத்தான் போயிருப்பான். மறுநாள் வேலைக்கு வந்திருப்பான். என்னைக் கேட்டா அதைத்தான் எழுதணும்."

ஞாயிறு முழுக்க அர்கீரிஸ் எழுதினார். உண்மை தாமதமானதற்கு முதல் காரணம், பதினேழு கேள்வி கேட்டவன் பக்கத்தில் நிற்பவனை ஒரு ஆளாகவே மதிக்காதது. இரண்டாவது காரணம், பக்கத்தில் நின்றவன் தன்னை ஒரு ஆளாக மதிக்காதது. கேட்டால்தான் சொல்வேன் என்பது அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்த வழக்கம். அந்த வழக்கத்துக்கு ஒரு உயிர் விலை என்று தெரிந்த பிறகும் அவன் அதை விடவில்லை. துன்பியல் நாடகத்தில் தவறு செய்த எல்லோருக்கும் ஒரு முடிவு உண்டு, இவனுக்கு மட்டும் முடிவு எழுதப்படவில்லை என்று கடைசிப் பத்தியில் எழுதினார். அது நாடகத்தின் மறதியா, தண்டனையா என்று தன்னால் தீர்மானிக்க முடியவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். ஒலிவ மரங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பார்த்துவிட்டு அதைக் கிழித்தார். அது கட்டுரைக்குரியதல்ல; சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாகிவிட்டது.

இருபதுக்குப் பதினாறு கிடைத்தது. எழுத்துப்பிழைக்கு மட்டும் இரண்டு போயிருந்தது.

"பதினாறா?" என்று எவாந்தியா தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். "ஆணவம்னு எழுதின எனக்குப் பன்னெண்டு. அரை மணி நேரம் கால் கடுக்க நின்னது நானு, மார்க்கு உனக்கா?"

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அர்கீரிஸ் மேசையருகே நின்றார்.

"டீச்சர், மத்த பழைய நாடகங்கள்லயும் இப்படிப் பேசாம நிக்கறவங்க இருக்காங்களா?"

பையை மூடிக்கொண்டிருந்த மிர்த்தோவின் கை நின்றது. "இருப்பாங்க. நான் எண்ணிப் பார்த்ததில்லை" என்றாள். அலமாரியைத் திறந்து, தூசி படிந்த நாடகத் தொகுப்புகள் இரண்டை எடுத்து, ஒன்றைத் தன் பக்கம் விரித்து, மற்றதை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அர்கீரிஸ் சட்டைப்பையில் பென்சிலைத் தேடினார்.