சத்தம் நின்றால் விழிக்கிறவள்

தையல்காரரும் அவர் மனைவியும் இப்போது தனியாகத்தான் இருக்கிறார்கள். மகள் சிட்டு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். சாப்பிட்டு முடித்ததும் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் சுற்றிச் சுற்றி சிட்டு கைக்குழந்தையாக இருந்த அந்த வருடத்தில்தான் வந்து நிற்கும். மனைவிக்கு அந்த வருடத்தைக் கிளறப் பிடிக்காது. அவருக்கோ அதை விட்டால் வேறு பேச்சில்லை.

அப்போது அவர்கள் குடியிருந்தது கடையோடு ஒட்டிய ஒற்றை அறையில். முன்னால் தையல் மெஷின், பின்னால் கட்டில், நடுவில் ஒரு திரை. சிட்டு பிறந்த கையோடு டாக்டர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். எலும்பு வளர்ச்சியில் ஒரு மாற்றம். கைகால் குட்டையாக இருக்கும், உயரம் வராது, புத்திக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குப் பெயர் அகோன்ட்ரோப்ளேசியா. அது தையல்காரர் வாயில் நுழையவே வெகுநாள் பிடித்தது.

"பேரு மட்டும் எவ்வளவு நீளம் பாரு. எல்லா உயரத்தையும் அதுக்கே குடுத்துட்டாங்க" என்றார். மனைவி சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குழந்தைக்குத் தலை பெரிது. கழுத்து நிற்க நாளாகும், அதுவரை உட்கார வைக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தையல்காரர் கெட்டித் துணியில் ஒரு சாய்வு மெத்தை தைத்து, மெஷினுக்குப் பக்கத்து பெஞ்சில் போட்டு, அதில் அவளைப் படுக்க வைத்தார். மெஷின் ஓடினால் தூங்குவாள். நின்றால் பட்டென்று கண்ணைத் திறந்து ஊரைக் கூட்டுவாள். அதனால் தைக்கத் துணி இல்லாதபோதும் வெறும் மெஷினை மிதித்துக்கொண்டே இருப்பார்.

"துணியே இல்லாம என்ன தைக்கிறீங்க?" என்று வந்தவர்கள் கேட்டால், "தூக்கம்" என்பார்.

ஒரு மத்தியானம் சிட்டு அவர் மார்பில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். குறட்டை சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றுபோனது. மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை. அவர் எழுந்து உட்கார்வதற்குள் ஒரு பெரிய மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி தூங்கத் தொடங்கினாள். மனைவியிடம் சொன்னதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நானும் பாத்தேன். சொன்னா நிஜமாயிடுமோன்னு சொல்லல."

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே டாக்டரம்மா குழந்தையின் பாதத்தைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்த்தார். கால் தானாகவே உதறியது. பிறகு நாற்காலியை அவர்கள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு பேசினார்.

"மண்டைக்கு அடியில ஒரு துவாரம் இருக்கு. மூளையிலேர்ந்து தண்டுவடம் அது வழியாத்தான் இறங்குது. இந்தக் குழந்தைங்களுக்கு அது சின்னதா இருக்கும். நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது. சிலருக்குத் தண்டுவடத்தை நெருக்கும். மூச்சு நிக்கறதும் கால் உதறறதும் அதனாலதானான்னு எம்.ஆர்.ஐ. எடுத்தாத்தான் தெரியும்."

"மயக்க மருந்து குடுப்பீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"மூச்சு இப்படி இருக்கப்போ முதல்ல மருந்தில்லாம பாக்கலாம். நல்லாப் பசிக்க விட்டு, பால் குடுத்து, துணியில சுத்தித் தூங்க வெச்சு எடுத்துடலாம். அசையாம இருந்தா போதும்."

ஸ்கேன் எடுக்கிற அன்று, அந்த அறை வாசலில் ஸ்கேன் வேலை பார்க்கும் ஒரு பெண் தையல்காரரை நிறுத்தினாள். உள்ளே இருப்பது பெரிய காந்தம், இரும்பு கூடாது என்றாள். அவர் ஒன்றுமில்லை என்று கையை விரித்தார். அவள் அவர் காலரைத் திருப்பினாள். வரிசையாக ஊசிகள். சட்டை மடிப்பில் இன்னும் இரண்டு. கடைசியில் ஆஸ்பத்திரி சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது.

சிட்டு பால் குடித்து முடித்துத் தூங்கிவிட்டாள். போர்வையில் சுற்றி, காதை மூடி, தலைக்கு இருபுறமும் மெத்தை வைத்து அந்தக் குழாய்க்குள் தள்ளினார்கள். தையல்காரர் கால்மாட்டில் நின்று அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். மனைவி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்கேன் பெண்ணோடு நின்றாள். மெஷின் முழங்கத் தொடங்கியது. காதை அடைத்திருந்தும் அவருக்கே பல் கூசியது. சிட்டு அசையவில்லை. சத்தம் நின்றது. உடனே வீலென்று அலறினாள்.

மறுபடி தட்டித் தூங்க வைத்தார்கள். மறுபடி அதே கதை. ஸ்கேன் பெண் உள்ளே வந்து குழந்தையைப் பார்த்தபடி யோசித்தாள்.

"சார், இவ சத்தத்துக்கு முழிக்கல. சத்தம் நிக்கறப்போதான் முழிக்கிறா. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி விழுது."

தையல்காரர் அசடு வழிந்தார். "வீட்டுலயும் அப்படித்தாம்மா. தையல் மெஷின் பழக்கம்."

"நான் இடைவெளியைக் குறைக்கப் பாக்கறேன். நடுவுல நீங்க எதாவது பண்ணுங்க. தலை மட்டும் அசையக்கூடாது."

அந்தத் தடவை மெஷின் ஓய்ந்ததும் தையல்காரர் குழாய்க்குள் தலையை நீட்டி, "டர்ர்ர்ர்" என்று வாயாலேயே தைக்க ஆரம்பித்தார். மூச்சு முட்டும்வரை தைத்தார். மெஷின் தொடங்கினால் நிறுத்துவார், ஓய்ந்தால் தொடங்குவார். உதடு மரத்துப்போனது, எச்சில் தெறித்தது. சிட்டு கடைசிவரை கண்ணைத் திறக்கவில்லை.

படத்தை டாக்டரம்மா காட்டினார். தண்டுவடத்தைச் சுற்றி நீர் வெள்ளையாகத் தெரிய வேண்டுமாம். கழுத்துக்குக் கீழே தெரிந்தது. மண்டைக்கு அடியில் இல்லவே இல்லை. அந்த இடத்தில் தண்டுவடம் இறுக்கிக் கட்டிய இடுப்பு போல ஒடுங்கியிருந்தது. உள்ளேயும் ஒரு வெளிறிய புள்ளி, நெருக்கியதன் தழும்பு. காத்திருக்க வேண்டாம் என்றார். அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. பின்பக்கம் கொஞ்சம் எலும்பை எடுத்துவிட்டுத் துவாரத்தைப் பெரிதாக்கினார்கள். கதவு திறந்து, குழந்தை நன்றாக இருக்கிறாள் என்று சொல்லும்வரை இருவருக்கும் உயிர் உடம்பில் இல்லை.

அதன்பிறகு தூக்கத்தில் மூச்சு தடைபடவில்லை. கால் உதறலும் மெல்ல மெல்ல அடங்கியது. சில மாதம் கழித்து எடுத்த படத்தில், நெருக்கின இடத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது. மற்ற பிள்ளைகள் நடக்கும் வயதைத் தாண்டி வெகுநாள் கழித்துத்தான் சிட்டு நடந்தாள். நடந்த பிறகு அவளைப் பிடிக்க ஆள் போதவில்லை.

"அந்த ரூம்ல அவ என் நெஞ்சுமேல படுத்திருப்பா. பஞ்சு மாதிரி இருப்பா. அந்த நாளெல்லாம் இனி வருமா?" என்றார் தையல்காரர், நேற்றும்.

"வரவே வேண்டாம்" என்றாள் மனைவி. வழக்கமாக அதோடு எழுந்து போய்விடுவாள். நேற்று எழவில்லை. "உங்க மேல எனக்கு அப்ப எவ்வளவு கோவம் தெரியுமா? நான் அழுதுட்டிருப்பேன், நீங்க ஜோக்கடிப்பீங்க. இந்த மனுஷனுக்கு ஒண்ணுமே உறைக்கலன்னு நெனச்சேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்குக் கண்ணாடி வழியாப் பாத்தேன். வாயால டர்ர்ர்னு கத்திட்டிருந்தீங்க. கண்ணுலேர்ந்து தாரை தாரையா ஊத்துது. துடைக்கக்கூட கையை எடுக்கல, அவ காலைப் பிடிச்சிருந்தீங்க. அப்பதான் எனக்கு மனசு ஆறுச்சு."

தையல்காரர் கேட்டார்: "இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அதையும் ஜோக்காக்கியிருப்பீங்க."