தேதி போடாத கையெழுத்து

1

இந்தக் கதை ஒரு கடிதத்தால் வந்த வினை. முன்னாள் கல்வி அமைச்சர் தோன் எவாரிஸ்தோ ஓர்மாய்ச்சேயா காலமாகி ஒரு வருடம் ஆகிறது; நினைவு மலர் போடுகிறார்களாம். அவருடைய அலுவலகத்தில் இருந்தவர்களில் உயிரோடு மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதானாம். “இரண்டு பக்கம் போதும், நெகிழ்ச்சியாக இருக்கட்டும்” என்று எழுதியிருந்தார்கள். நெகிழ்ச்சிக்குப் பஞ்சமில்லை. உண்மைதான் இரண்டு பக்கத்துக்குள் அடங்க மாட்டேன் என்கிறது. அதனால் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டுக் கதையாக எழுதிப் பார்க்கிறேன். கதை என்றால் யாரும் சண்டைக்கு வர முடியாது பாருங்கள்.

முதல் தொடக்கம்: “மத்ரித் நகரத்து இலையுதிர்காலக் காற்று அமைச்சகத்தின் ஜன்னல்களைத் தட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில், வரலாறு மெல்ல—”

வேண்டாம். அன்று காற்று அடித்ததா என்று எனக்கு நினைவில்லை. வரலாறும் எங்கள் மாடிக்கு ஏறி வந்ததில்லை. வந்தவர் மோட்டார் சைக்கிள்காரர்.

இரண்டாம் தொடக்கம்: “தோன் எவாரிஸ்தோ நல்லவர்.”

இது பரவாயில்லை. உண்மையும்கூட. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

தோன் எவாரிஸ்தோ நல்லவர். (‘தோன்’ என்பது எங்கள் ஊரில் ‘ஐயா’ மாதிரி.) பூர்கோஸ் ஊர் வக்கீலின் மகன். இருபது வயதில் கத்தோலிக்க மாணவர் சங்கத் தலைவர், முப்பதில் சட்டப் பேராசிரியர், நாற்பதில் பல்கலைக்கழகத் துணைவேந்தர். தினமும் காலைப் பூசை, பூசையில் நன்மை அப்பம் வாங்காமல் காபி குடிக்க மாட்டார். ஒன்பது பிள்ளைகள். ஒன்பது பேர் பெயரும் அவருக்குத் தடுமாறாமல் வரும். அந்தக் காலத்து அமைச்சர்களில் அதுவே ஒரு சாதனை.

சர்வாதிகாரியின் அரசில் அமைச்சராகச் சேர அழைப்பு வந்தபோது மூன்று நாள் ஜெபத்தில் இருந்துவிட்டுச் சரி என்றார். (நான்காம் நாள் வேண்டாம் என்றவர்கள் யாராவது இருந்தார்களா என்று இங்கே ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். அது அவர்களுடைய கதை.) வெளியே நின்று கத்துவதைவிட உள்ளே போய் ஒரு ஜன்னலையாவது திறக்கலாம் என்பது அவருடைய எண்ணம். திறக்கவும் செய்தார். உள்நாட்டுப் போர் முடிந்ததும் துரத்தப்பட்ட பதினொரு பேராசிரியர்களைத் திரும்பக் கூப்பிட்டார். கிராமப் பள்ளிகளுக்கு அடுப்பும் நிலக்கரியும் அனுப்பினார். இதற்காகச் சர்வாதிகாரியின் நீலச்சட்டைக் கட்சிக்காரர்கள் அவரைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

நினைவு மலருக்கு இந்த ஒரு பத்தி போதும். இதோடு நிறுத்தியிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

3

இனி ஒரு பாத்திரம் வேண்டும். ஒப்தூலியா என்று வைத்துக்கொள்வோம். வயது இருபத்து மூன்று, அமைச்சரின் டைப்பிஸ்ட். தகப்பன் போரில் தோற்ற பக்கத்தில் நின்று செத்தவர். பங்குச் சாமி ஒருவர் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தால் கிடைத்த வேலை. அந்த வேலையை நம்பி வீட்டில் அம்மா.

முதல் நாளே தலைமைச் செயலர் தோன் லெயோக்காதியோ அவளுக்குப் பாடம் எடுத்தார். நாலு அமைச்சர்களைப் பார்த்தவர், ஐந்தாவது ஆளையும் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று சொல்லிக்கொண்டிருப்பவர்.

“பொண்ணே, இங்க மூணு சத்தம் தெரிஞ்சா போதும். மணி அடிச்சா ஐயா கூப்பிடுறார். அங்கி சரசரன்னா யாரோ சாமியார் சிபாரிசுக்கு வர்றார். கீழ முற்றத்துல மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டா...”

“கேட்டா?”

“மேசையைத் தொடைச்சு வை. புது ஐயா வர்றார்.”

எங்கள் தலைவருக்கு, அதாவது அந்தச் சர்வாதிகாரிக்கு, யாரையும் முகத்துக்கு நேராக விலகச் சொல்லும் பழக்கம் இல்லை. முந்தின நாள் தோளில் கை போட்டுப் பேசுவார், பிள்ளைகளை விசாரிப்பார். மறுநாள் மோட்டார் சைக்கிளில் ஓர் ஆள் வருவான், கையில் உறை இருக்கும், உறைக்குள் நன்றி இருக்கும். நன்றியைப் படித்தவர் பேனாவை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எல்லா அமைச்சகத்திலும் இதுதான் நடைமுறை. அதனால் முற்றத்தில் இஞ்சின் சத்தம் கேட்டால் டைப் மெஷின்கள் நின்றுவிடும்.

4

பசிலிசாவை எங்கே கொண்டுவருவது என்று ஒரு வாரம் முழித்தேன். அவர் ஒருநாளும் அமைச்சகத்துக்கு வந்ததில்லை, கடிதம்தான் வரும். சரி, கடிதமாகவே வரட்டும்.

பசிலிசா கிரோஸ், ஸமோரா பக்கத்து ஊர் ஒன்றில் பள்ளி ஆசிரியை. போருக்கு முன்பிருந்த அரசு, வகுப்பறைச் சுவரில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம் இருக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. பசிலிசா பக்தி உள்ளவர். அழுதுகொண்டே கழற்றி, தன் கல்யாண மேசைவிரிப்பில் சுற்றி, வீட்டு அலமாரியில் மூன்று வருடம் பத்திரமாக வைத்திருந்தார். போர் முடிந்தது. ஆசிரியர்களைச் சலித்தெடுக்கும் குழு வந்தது. “சிலுவையைக் கழற்றியவள்” என்று ஊர்ச் சாமியார் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். மேசைவிரிப்பைப் பற்றி எழுதவில்லை. வேலை போயிற்று. அன்றிலிருந்து தையல்.

அமைச்சருடைய நாமத் திருநாள் அக்டோபர் இருபத்தாறு, அவர் பெயருக்குரிய புனித எவாரிஸ்துவின் நாள். எங்களிடம் பிறந்தநாளைவிட அதுதான் பெரிது. காரியம் ஆக வேண்டியவர்கள் அன்றைக்குத்தான் வாழ்த்தோடு மனுவையும் சேர்த்து அனுப்புவார்கள். பசிலிசா அதோடு ஒரு தகர டப்பாவில் சீமைமாதுளை அல்வாவும் அனுப்புவார்.

5

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருடம். காலை பதினொரு மணி. அல்வா டப்பா அமைச்சரின் மேசையில் இருக்கிறது.

“அந்த அம்மா மறுபடி எழுதியிருக்காங்க ஐயா,” என்றாள் ஒப்தூலியா.

“என்ன எழுதியிருக்காங்க?”

“வாழ்த்து. அப்புறம் வழக்கமா எழுதுறதுதான். ஐம்பத்தெட்டு முடியுதாம். எழுபது வரைக்கும் சொல்லிக் கொடுக்கலாம்னு சட்டம் இருக்காம். இன்னும் பன்னண்டு வருஷம் இருக்கு, அவசரமில்லைன்னு எழுதியிருக்காங்க.”

தோன் எவாரிஸ்தோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு வருஷம் பொறுத்துக்கச் சொல்லுங்க. இப்ப நேரம் சரியில்ல. சிலுவையைக் கழட்டினவளுக்குக் கத்தோலிக்க அமைச்சரே வேலை போட்டுக் கொடுத்தார்னு நீலச்சட்டைங்க பத்திரிகையில எழுதுவாங்க. பதினொரு பேரைக் கூப்பிட்டதே அவங்களுக்குத் தொண்டையில முள்ளா நிக்குது.”

“போன வருஷமும் இதையேதான் ஐயா டைப் அடிச்சேன்.”

(இதை அவள் உண்மையிலேயே சொன்னாள். இந்தக் கதையில் அவள் காட்டிய தைரியம் இவ்வளவுதான். அதனால் பத்திரமாக எழுதி வைக்கிறேன்.)

அப்போது முற்றத்தில் அந்தச் சத்தம் கேட்டது.

தோன் லெயோக்காதியோ ஜன்னலுக்கு ஓடினார். “வந்துட்டான் ஐயா. வண்டியை நிறுத்துறான். கையில உறை இருக்கு.”

அமைச்சர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: “லிஃப்ட் ஓடுதா?”

“ரிப்பேர்.”

“அப்ப மூணு மாடி ஏறி வரணும். ஒப்தூலியா, அந்த அம்மா உத்தரவை எடுங்க.”

உத்தரவு இரண்டு வருடமாக டைப் அடித்துத் தயாராக, கையெழுத்து இல்லாமல் கோப்பில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தாள். முழுப்பெயரும் போட்டு, கீழே கோடும் இழுத்து, கையெழுத்துப் போட்டார். அவர் சிரித்தார். அவரை அவ்வளவு அழகாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

“இதை முதல் நாளே செஞ்சிருக்கணும்,” என்றார். “எவ்வளவு லேசா இருக்கு பாருங்க!”

மோட்டார் சைக்கிள்காரர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். ஒரு கையில் உறை. மறு கையில் பிரம்புக்கூடை.

“இதை எங்க வைக்கிறதுங்க? ரத்தம் சொட்டுது.”

கூடையில் ஆறு கௌதாரிகள். உறையில் நாமத் திருநாள் வாழ்த்து. தலைவர் அதிகாலையில் தன் கையாலேயே சுட்டவையாம். அமைச்சரின் அரிய ஒத்துழைப்பை இன்னும் பல வருடங்களுக்கு எதிர்பார்க்கிறாராம்.

தோன் லெயோக்காதியோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “ஆறு கௌதாரிக்கா ஐயா நமக்கு இந்தப் பாடு! எனக்கு உயிரே போய் வந்துச்சு.” அமைச்சர் சிரிக்கவில்லை. அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இன்னும் அமைச்சர்தான். ஆகவே அந்தக் கையெழுத்து செல்லும்.*

* கௌதாரிகளில் இரண்டைத் தோன் லெயோக்காதியோ எடுத்துக்கொண்டார். ஒன்று ஒப்தூலியாவுக்கு. அவள் அம்மா வினிகரும் பிரியாணி இலையும் போட்டுச் சமைத்தாள். ருசியாக இருந்தது, அதையும் ஒளிக்க விரும்பவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது அமைச்சர் ஒப்தூலியாவின் மேசையருகே நின்றார். உத்தரவைக் கவிழ்த்து வைத்தார்.

“இதை உரிய இடத்துல சேத்துடுங்க.”

“எந்த இடம் ஐயா? தபாலுக்கா, கோப்புக்கா?”

“உங்களுக்குத் தெரியாததா,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உத்தரவில் தேதிக்கு இடம் விட்டிருந்தது. எங்கள் அலுவலகத்தில் தேதி போடுவது டைப்பிஸ்டின் வேலை; தபால் பையில் சேர்க்கும் அன்றைக்குத்தான் அடிப்போம். தேதி விழுந்தால் உத்தரவு. விழாவிட்டால் வெறும் காகிதம்.

6

முடிவுகள்.

(அ) ஒப்தூலியா தேதி அடிக்கிறாள். தபால் போகிறது. பசிலிசா வகுப்பறைக்குள் நுழைகிறார், நாற்பது பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள், அவர் மேசைவிரிப்பை மடித்து— இதை எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. நினைவு மலர்க்காரர்கள் கேட்பது இதைத்தான். என்ன செய்ய, நடக்கவில்லையே.

(ஆ) அமைச்சர் திரும்பி வந்து காகிதத்தைக் கேட்டு வாங்கிக் கிழிக்கிறார். சாயங்காலம் கோயிலில் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம். “எத்தனை தடவை, மகனே?” என்று சாமியார் கேட்கிறார். இதில் பழி முழுக்க அவர் தலையில். கதையாக நன்றாகத்தான் இருக்கிறது. அவர் கிழிக்கவில்லை.

(இ) ஒப்தூலியா—

இந்த ஒப்தூலியாவை எனக்குப் பிடிக்கவில்லை. முதல் வரைவில் அவளை வீராங்கனையாக எழுதியிருந்தேன்: நிமிர்ந்த கழுத்து, நடுங்காத விரல். அப்படி ஒருத்தி அந்த மாடியில் இருந்ததில்லை. நான்தான் இருந்தேன். நீங்கள் இதை எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள். நான்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

7

நான் தேதி அடிக்கவில்லை. காகிதத்தை மேசை டிராயரில், கார்பன் தாள்களுக்கு அடியில் வைத்தேன். நாளைக்குக் கேட்பார், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாளைக்கு ஏதாவது புகைந்தால், தபாலில் சேர்த்தது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். என் தகப்பன் யார் என்று அடுத்ததாகக் கேட்பார்கள். பயந்தேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

அவர் கேட்கவில்லை. நான் நினைவுபடுத்தவில்லை. அடுத்த அக்டோபரில் அல்வா வந்தது. நன்றிக் கடிதம் நான்தான் அடித்தேன். அதற்குத் தேதி ஒழுங்காகப் போட்டேன். அதற்கடுத்த வருடமும் வந்தது. நாலாம் வருடம் எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. கண் சரியில்லையாம், ஆனால் கரும்பலகை பெரிதுதானே என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுக் கழிப்பறையில் போய் அழுதேன். திரும்பி வந்து டிராயரைத் திறந்தேன், மூடினேன்.

ஐம்பத்தெட்டாம் வருடம் ஜூலையில் உண்மையான மோட்டார் சைக்கிள் வந்தது. கூடை இல்லை. தோன் எவாரிஸ்தோ உறையைப் படித்தார், தன் பேனாவையும் மேசைமேல் இருந்த சின்னச் சுரூபத்தையும் எடுத்துக்கொண்டார், தொப்பியைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். புது அமைச்சர் மதியம்தான் வருவார். அதுவரை தபால் பை எங்களுடையது; தேதி அடித்தால் உத்தரவு இன்னும் போகும்.

“ஏதாவது பாக்கி இருக்கா, ஒப்தூலியா?”

“ஒண்ணும் இல்லீங்க ஐயா.”

அவர் தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். பிற்காலத்தில் ஜனநாயகம் பேசினார், சிறைக்குப் போனவர்களுக்காக வாதாடினார், எல்லாரும் மதிக்கும் கிழவராகச் செத்தார். மலரில் அதெல்லாம் வரும். வர வேண்டியதுதான்.

ஒரே ஒரு வரி பாக்கி. அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் எங்கே பார்த்தார்? டிராயரைப் பார்த்தார் என்று எழுதினால் அவருக்கு நினைவிருந்தது, பழியை இரண்டு பேரும் பங்கிட்டுக்கொள்வோம். என் முகத்தைப் பார்த்தார் என்று எழுதினால் அவர் மறந்தே போயிருந்தார், பழி எனக்கு மட்டும். நாற்பது வருடமாக இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்துவிட்டேன். எனக்கு எது சௌகரியமோ அதைத்தான் கை எழுதுகிறது. அதனால் அந்த வரியை உங்களிடம் விடுகிறேன். நிதானமாக யோசித்து நிரப்புங்கள். என்னைக் காப்பாற்ற வேண்டும் என்றும் இல்லை, அவரைக் காப்பாற்ற வேண்டும் என்றும் இல்லை. இரண்டில் எதை எழுதினாலும் பசிலிசாவுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை.