ஒன்பது அட்டையிலும் பி பாசிட்டிவ்

நான் உங்கள் சின்னவன்தான். வயது இருபத்து மூன்று. இப்போது இருப்பது பெரிய ஆஸ்பத்திரியில், ரத்த வங்கி வாசலில். விரலில் பஞ்சைப் பிடித்திருப்பதால் வாயால் சொல்கிறேன், போன் எழுதுகிறது. அம்மா, எனக்கு ஒன்றுமில்லை, அழ வேண்டாம்.

நாங்கள் தங்கும் அறையில் என் பக்கத்துக் கட்டில் பெயிண்டர் காலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்து ரத்தம் நிறையப் போய்விட்டது. அவருக்கு ஓ நெகட்டிவ் மட்டும்தான் சேருமாம். மூன்று பை வேண்டும். இருப்பில் ஒன்றுதான்.

அறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். எல்லாரும் கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையைத் தூக்கி, அதில் எழுதிய ரத்த குரூப்பைக் காட்டினார்கள்.

"நமக்கெல்லாம் பி பாசிட்டிவ்டா தம்பி. சேராதே!" என்றான் பயில்வான். இரண்டு சிமெண்ட் மூட்டையை ஒரே தோளில் ஏற்றுகிறவன். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அந்த அட்டையின் கதை கேவலம். வேலைக்குச் சேர்ந்த அன்று விரலில் ஊசி குத்தி குரூப் பார்த்து வரச் சொன்னார்கள். ஊசி என்றதும் நாங்கள் பின்வாங்கிவிட்டோம். சமையல்காரர் மட்டும் குத்திக்கொண்டார். அவர் குரூப்பையே ஒன்பது பேருக்கும் எழுதிக் கொடுத்தோம். பெயிண்டருக்கும்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் அட்டையை நம்பாமல் தாங்களே சோதித்ததால் அவர் தப்பினார்.

"அது பொய்னு உனக்கே தெரியும்ல?" என்று பயில்வானைக் கேட்டேன்.

"எழுத்துல இருக்குல்ல? அப்புறம் என்ன?"

எலெக்ட்ரீஷியன் போர்வையை இழுத்துக்கொண்டார். "ஏதாவது நோய்னு கண்டுபிடிச்சு ஊருக்கு அனுப்பிட்டா, என் பொண்டாட்டிக்கு நீயா பதில் சொல்லுவ?"

"போன மாசம் நீ மயங்கி விழுந்தப்ப மூணு மாடி தூக்கிட்டு எறங்கினது இந்தப் பெயிண்டர்தானேண்ணே?"

"அதுக்குன்னு?"

மேஸ்திரி குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். தண்ணீர்ச் சத்தமே இல்லை. மற்றவர்கள் போனை நோண்டினார்கள். சமையல்காரர் மட்டும், "நான் வரேன்டா" என்று செருப்பைத் தேடினார். நிஜமாகவே பி பாசிட்டிவ் என்று தெரிந்தது அவர் ஒருவர்தான்! சேராது என்று அவரை விட்டுவிட்டு வந்தேன்.

நான் மட்டும் யோக்கியனா? திரும்பி வரும்போது ஊசிக்குப் பயந்து நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டேன். கடைசியில் குத்தினார்கள். எறும்பு கடித்த மாதிரி இருந்தது. இதற்கா இரண்டு வருடம் பொய் அட்டையோடு திரிந்தேன்! ஏ பாசிட்டிவ். பெயிண்டருக்கு உதவாது.

நர்ஸ் விரலில் பஞ்சை வைத்துவிட்டு, "அடுத்து யாரு?" என்று எனக்குப் பின்னால் பார்த்தார். காலி நாற்காலிகள்தான்.

சித்தப்பா, இந்த ஊரில் உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு இதை அனுப்புங்கள். சாயங்காலம் ஆபரேஷன். இதைப் படிப்பவர் ஓ நெகட்டிவ் என்றாலும், குரூப்பே தெரியாதவர் என்றாலும், தயவுசெய்து ஐந்து மணிக்குள் ரத்த வங்கிக்கு வாருங்கள்.