பேனரில் எம்.எஸ்சி., பந்தியில் சாம்பார் வாளி

“மொதல்ல அந்தக் கோட்டக் கழட்டு. பட்டுப்பொடவ கட்டிட்டு வந்து முன்னால உக்காரு.”

“நான் உக்காந்துட்டா இந்த வரிசைக்கு யாரு ஊத்தறது பெரிப்பா, நீங்களா?”

தண்ணீர் பாட்டில் எடுக்கப் போன நான் சமையல்கட்டுக்குப் பின்னால் இதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டேன். அதட்டியது என் வீட்டுக்காரரின் அண்ணன் குப்புராஜ். பதில் சொன்னது என் மகள் கோகிலவாணி. பாப்பிரெட்டிப்பட்டியில் அவர் மகன் கல்யாணத்தில் நடந்தது இது.

கோகிலா கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. முடித்தவள். ஓசூர் பக்கம் அவள் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. எல்லா இடத்திலும் முன் அனுபவம் கேட்கிறார்கள். வேலையே கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்? ஜெராக்ஸ் கடையில் நின்றாள், டியூஷன் எடுத்தாள், புடவைக்கு ஃபால்ஸ் அடித்தாள். இப்போது முகூர்த்த நாட்களில் கேட்டரிங்காரர்களோடு பரிமாறப் போகிறாள். எந்த மண்டபம் என்று முதல் நாள்தான் சொல்வார்கள். இந்தத் தடவை எங்கள் சொந்தக் கல்யாணமாகவே அமைந்துவிட்டது. வரவில்லை என்றால் அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். பரிமாறுகிறவர்களுக்குக் கொடுக்கிற அரக்கு கலர் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வினை மண்டப வாசலில் இருந்தது. எங்கள் பக்கம் கல்யாண பேனரில் சொந்தக்காரர்கள் போட்டோவைப் படிப்போடு போடுவார்கள். குப்புராஜ் மாமா எங்களைக் கேட்காமலே வாட்ஸ்அப்பில் இருந்த கோகிலாவின் பட்டமளிப்பு போட்டோவை எடுத்துப் பெரிதாகப் போட்டிருந்தார். வாசலில் அதைப் பார்த்துவிட்டு வந்த பெண் வீட்டார், முதல் பந்தியில் அதே முகம் சாம்பார் வாளியோடு குனிவதைப் பார்த்துக் குசுகுசுத்திருக்கிறார்கள்.

“சம்பந்தி வூட்ல கேக்கறாங்க. நான் இன்னானு சொல்றது? ஒரு மாஸ்க்காவது போட்டுக்க.”

“நான் ஒண்ணும் திருடல பெரிப்பா. மூஞ்சிய மறைக்க மாட்டேன். என்னக் கேட்டா பேனர்ல போட்டீங்க?”

என்னைப் பார்த்ததும் மகளுக்குப் புத்தி சொல்லச் சொன்னார்.

“அவ வேலயா இருக்கா மாமா, விடுங்க” என்று சொல்லிவிட்டு, இரண்டாம் பந்தியில் கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். கோகிலா வாளியோடு வந்தாள். அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பேனரில் இருக்கிற பெண்தானே என்று என்னிடம் கேட்டார்.

“ஆமாங்க, எம் பொண்ணுதான். எம்.எஸ்சி. படிச்சிருக்கா, வேல தேடிட்டு இருக்கா. எங்கயாவது லேப் வேல இருந்தா சொல்லுங்க” என்றேன். பந்தியில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும்.

அந்த அம்மா, “இன்னுங் கொஞ்சம் ஊத்தும்மா” என்று சோற்றில் குழி பறித்தார். கோகிலா ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

கிளம்பும்போது வெளியே வந்து பார்த்தால், பேனரில் அவள் முகத்தின் மேல் மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. யார் சொல்லி ஒட்டினார்கள் என்று கேட்கவே வேண்டாம். வேனில் அண்டா ஏற்றிக்கொண்டிருந்த கோகிலாவும் பார்த்தாள். ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டாள், கோட்டோடு ஏறினாள், தாளைக் கிழித்தாள். படத்தில் மூக்கு மேல் பசையோடு கொஞ்சம் தாள் நின்றது. அதையும் நகத்தால் சுரண்டினாள். மாமா சம்பந்தி வீட்டாரை வழியனுப்பியபடி அங்கேயேதான் நின்றிருந்தார். சேரைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு அவள் வேனில் ஏறிக்கொண்டாள்.

மாமா இன்னும் எங்களோடு பேசுவதில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கும் கோகிலா போகிறாள். கோட்டை நான்தான் துவைத்துத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் ஆறுதல் எழுத வேண்டாம். தருமபுரி, ஓசூர் பக்கம் முன் அனுபவம் கேட்காமல் லேப் வேலைக்கு ஆள் எடுக்கிற இடம் தெரிந்தால் கீழே சொல்லுங்கள். தெரியாவிட்டாலும், மேல்படிப்பு முடித்துவிட்டு உங்கள் வீட்டுப் பிள்ளை இப்போது என்ன வேலை செய்கிறது என்று மறைக்காமல் பதில் போடுங்கள்.